‘4.00’ எங்கே போச்சு?

திங்கள், இரவு

தாடிக்கொம்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து அடுக்கி வைத்திருக்கிறார். படமாக இருப்பதை எழுத்தாக மாற்றித் தரச் சொல்கிறார். திண்டுக்கல் கல்லூரிப் பையன் ஒருவன் பைத்தானில் எழுதிய மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே எழுத்தைப் படிப்பது டெசராக்ட். அதை டெப் பொதியாகக் கட்டித் தருவது மட்டும் என் வேலை.

சாரின் கணினியில் டெபியன் 12. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லையாம். கோப்போ வட்டில் பத்திரமாக இருக்கிறது.

பையனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, என் மெஷின்ல ஓடுதே!” ஓடத்தான் செய்யும், அவனிடம் இருப்பது டெபியன் 11. அங்கே தரவு இருக்கும் இடம் ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா’. டெபியன் 12-இல் டெசராக்ட் 5 வந்ததும் நடுவில் இருந்த 4.00 போய் வெறும் 5 உட்கார்ந்துவிட்டது. அவன் பழைய பாதையை முழுசாக நிரலுக்குள் எழுதி வைத்திருக்கிறான்.

செவ்வாய்

கரண்ட் போவதற்குள் கிரெப் போட்டு, சாய்கோட்டில் தொடங்கும் சரங்களையெல்லாம் வெளியே எடுத்தேன். ஓர் இடத்தில் அவனுடைய ஹோம் கோப்புறை, அவன் பெயரோடு. ஐகான்களுக்கு யூஎஸ்ஆர் லோக்கல். எழுத்துருவுக்கு லோகித் தமிழ் கோப்பின் முழு முகவரி.

எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு 1994 முதலே லினக்ஸில் ஒரு நியதி உண்டு, அதன் 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. யூஎஸ்ஆர் லோக்கல் என்பது கணினியின் நிர்வாகி தன் கையால் நிறுவிக்கொள்வதற்கான இடம். பொதி அங்கே கோப்பு வைத்தால், பொதிகளைச் சோதிக்கும் டெபியனின் லின்டியன் உடனே கத்தும். கத்தட்டும், அதற்குத்தானே இருக்கிறது.

4.00 என்ற பெயரில் 5-க்கு ஒரு சிம்லிங்க் போட்டால் இன்றைக்கே தூங்கப் போகலாம். ஆனால் அது டெசராக்ட் பொதியின் கோப்புறை. அடுத்தவன் தோட்டத்தில் நான் ஏன் முளைக்குச்சி அடிக்க வேண்டும்? நாளை 6 வந்தால் இன்னொரு குச்சி.

புதன்

பொதி கட்டும்போதே செட் கட்டளையால் பாதையை மாற்றிவிடுவது பலரின் வழக்கம். ஒரே வரி, பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூல நிரலில் ஒற்றை மேற்கோள் இரட்டை மேற்கோளானால்கூடப் போதும், தேடிய சரம் கிடைக்காது. செட் அதைப் பிழையாகச் சொல்லாது. வெற்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்; பொதிக்குள் பழைய பாதை அப்படியே கிடக்கும்.

நிக்ஸ் என்ற பொதி மேலாளர் இந்தத் தொல்லையை மற்றவர்களைவிட அதிகம் பட்டது. அங்கே ஒவ்வொரு பொதியும் நிக்ஸ் ஸ்டோரில் தனித்தனி ஹேஷ் பெயருள்ள கோப்புறையில் இருக்கும் என்பதால், கெட்டியாக எழுதிய பாதை பெரும்பாலும் தவறாகவே முடியும். மாற்றுவதற்கு அவர்களிடம் தனி வசதி உண்டு. சரம் கிடைக்காவிட்டாலும் கட்டுமானத்தைத் தொடரவிட்ட பழைய ‘ரிப்ளேஸ்’ தேர்வை 2024-இல் ஓரங்கட்டினார்கள். இப்போது பரிந்துரைப்பது, கிடைக்கவில்லையென்றால் அங்கேயே நிறுத்தும் ‘ரிப்ளேஸ்-ஃபெயில்’.

நான் பாதை மாற்றத்தை க்வில்ட்டில் ஒட்டாக (பேட்ச்) எழுதினேன். மூலத்தில் அந்த இடம் மாறினால் ஒட்டு ஏறாது, பொதியும் கட்டப்படாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல் எனக்கு வரும், தாடிக்கொம்பு சாருக்கு வராது.

வியாழன்

ஒட்டில் பாதி, வரிகளை அழிப்பதுதான். தரவு எங்கே என்று டெசராக்ட்டுக்கு நாம் சொல்லவே வேண்டாம். தொகுக்கும்போதே டெபியன் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறது. மொழிக்குத் தமிழின் குறியீடான ‘டாம்’ என்று மட்டும் கொடுத்தால் தானே எடுத்துக்கொள்கிறது. ‘டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ்’ என்ற சூழல் மாறியை வைத்தால் என்ன என்று பையன் கேட்டான். 3-ஆம் பதிப்பில் அதற்கு டெஸ்டேட்டாவின் மேல் கோப்புறையைக் கொடுக்க வேண்டும். 4 முதல் டெஸ்டேட்டாவையே. பெயர் அதே, பொருள் வேறு. கை வைக்காதே என்றேன்.

எழுத்துருவுக்குக் கோப்பு முகவரியை எடுத்துவிட்டு, தமிழ் தெரிந்த எழுத்துரு எது என்று ஃபான்ட்கான்ஃபிக்கிடம் கேட்கும்படி மாற்றினேன். அவன் பெயருள்ள ஹோம் கோப்புறைக்குப் பதிலாக எக்ஸ்டிஜி நியதிப்படி, பயன்படுத்துபவரின் சொந்தத் தரவுக் கோப்புறை. ஐகான்களை நிரலே தன்னோடு எடுத்துக்கொண்டு வரும்.

“அப்போ பாதையே எழுதக் கூடாதாண்ணே?”

எழுதலாம்டா, ஆனால் முடிவு செய்வது பொதி கட்டுபவனாக இருக்க வேண்டும். ப்ரிஃபிக்ஸ் என்பது நிரல் கடைசியில் குடியிருக்கப் போகும் இடம்; டெஸ்ட்டிர் என்பது கட்டும்போது தற்காலிகமாகக் கோப்புகளைக் குவிக்கும் இடம். இரண்டையும் குழப்பினால் என் கணினியின் கட்டுமானக் கோப்புறைப் பெயர் ஊருக்கெல்லாம் போகும்.

சனி

எஸ்பில்ட் என்ற கட்டுமானக் கருவியில், வெறும் அடிப்படை மட்டும் உள்ள டெபியன் 11-லும் 12-லும் தனித்தனியாகக் கட்டி, நிறுவி, ஓட்டினேன். இரண்டிலும் படித்தது. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். எந்த டெபியனிலிருந்து கிளைத்ததோ அதற்கேற்ப அதிலும் தரவு இடம் மாறும். இனி அதைப் பற்றிக் கவலையில்லை. ஒட்டைப் பையனுக்கு அனுப்பினேன். அவன் மூலத்தில் சேர்த்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் என் ஒட்டைத் தூக்கிவிடலாம்.

சாயங்காலம் சார் போன் செய்தார். “தம்பி, ஓடுது. ஆனா 1978-க்கு முந்தின இதழ்ல துதிக்கை வச்ச லை, னை வந்தா வேற எதையோ படிக்குதே?” அது பழைய எழுத்து வடிவம் சார், பயிற்சித் தரவின் சங்கதி. நாலு பக்கம் மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.