இரு முகடுகள்

என் மேசை இழுப்பறையில் பழைய பிலிம் டப்பா ஒன்று இருக்கிறது. அதனுள் கரிய அரை வில்லை. 1989-இல், முதுகலை மாணவனாக இருந்தபோது நான் செய்த மீக்கடத்தி அது. உள்ளபடி சொன்னால், மீக்கடத்தியாக மறுத்துவிட்ட வில்லை.

அந்நாளில் இயற்பியல் பயின்றோருக்கு அந்தப் பித்து நினைவிருக்கும். 1986-இல் சூரிச் அருகே பெட்னோர்ஸும் முல்லரும் லாந்தனம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு ஒன்றில் 30 கெல்வினை ஒட்டி மின்தடை மறையத் தலைப்படுவதைக் கண்டனர். மறு ஆண்டே அமெரிக்காவில் வூ, சூ ஆகியோரின் குழுவினர், லாந்தனத்தின் இடத்தில் இட்ரியத்தை வைத்து 93 கெல்வினை எட்டினர். திரவ நைட்ரஜன் கொதிப்பதோ 77 கெல்வினில். ஆகவே எங்கள் சிறிய ஆய்வகத்துக்கும் அது கைக்கெட்டியது.

செய்முறை ஏறக்குறைய சமையல்தான். இட்ரியம், பேரியம், தாமிரம் 1:2:3 என அமையுமாறு பொடிகளை நிறுத்து, கல்வத்தில் அரைத்து, 900 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, மீண்டும் அரைத்து, வில்லையாக அழுத்திச் சுடவேண்டும். பின்னர் ஆக்சிஜன் ஓடும் உலையிலேயே அது மெல்ல ஆறவேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. சூட்டோடு எடுத்து இரும்புத் தகட்டில் போட்டேன். பதிவேட்டில், 'இரவு முழுதும் உலையிலேயே ஆற்றப்பட்டது' என்று எழுதினேன்.

திங்களன்று நைட்ரஜனில் அமிழ்த்தியும் மின்தடை மறையவில்லை. பேராசிரியர் எதுவும் கேளாமல் எக்ஸ் கதிர்ப் பதிவு எடுக்கச் சொன்னார். தாளை விரித்து ஒரு முகட்டின்மீது விரலை வைத்தார்.

"இங்கே இரண்டு இருக்கவேண்டும். எத்தனை மணிக்கு உலையைத் திறந்தாய், தம்பி?"

இப்படிகத்தின் அலகை மூன்று அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த வீடு எனலாம். நடு அறையில் இட்ரியம். மேலும் கீழும் பேரியம். இட்ரியத்தின் இருபுறமும் தாமிரமும் ஆக்சிஜனும் பின்னிய தளங்கள். மீக்கடத்தல் நிகழ்வது அங்கே. வீட்டின் இரு கோடியிலும் தாமிர-ஆக்சிஜன் சங்கிலிகள். முறைப்படி ஒன்பது ஆக்சிஜன் இருக்கவேண்டிய அமைப்பில் நிறைவது ஏழே. அந்த ஏழாவதுதான் சங்கிலியைக் கோப்பது. மெல்ல ஆறும்போது மட்டுமே உள்ளே வந்து அமர்வது. சங்கிலி தளத்திலிருந்து எலெக்ட்ரான்களை ஈர்த்துக்கொள்வதால்தான் தளத்தில் மின்னோட்டம் உயிர்பெறுகிறது. விந்தை என்னவென்றால், இட்ரியத்தை எடுத்துவிட்டுக் காந்தத்தன்மை மிக்க கடோலினியத்தை வைத்தாலும் இவ்வீடு 90 கெல்வின் அருகில் மீக்கடத்துகிறது. ஏழாவது ஆக்சிஜன் இல்லையென்றாலோ எல்லாம் போயிற்று.

சங்கிலி அமைந்தால் அடித்தளத்தின் ஒரு பக்கம் 3.82 ஆங்ஸ்ட்ராம், மறுபக்கம் 3.89. அச்சிறு வேறுபாடே ஒரு முகட்டை இரண்டாகப் பிரிக்கும். என் படிகத்தில் பக்கங்கள் சமம். நான் எழுதிய பொய்யை அந்தத் தாள் படித்துக் காட்டிவிட்டது.

"எட்டரை மணிக்கு, ஐயா."

அவர் வில்லையை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை ஆக்சிஜனில் 450 பாகையில் நெடுநேரம் வைத்து, மெல்ல ஆற்றச் சொன்னார். இம்முறை உலையருகே பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். மறுநாள், குளிர்ந்த அந்தப் பாதியின்மேல் சிறு காந்தத் துண்டு அந்தரத்தில் நின்றது. மற்றப் பாதியின்மேல் வெறுமனே உட்கார்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே கருமை.

பதிவேட்டு வரியை நானே அடித்து, சரியான நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். மிதக்கவிட்ட பாதியை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பாதியைக் கேட்டு வாங்கி வந்தேன்.