டென்மார்க்கில் மகளுக்குப் பேறுகாலம்

கோவை, பல்லடம், உடுமலை வட்டாரத்துப் பெண்களுக்கு டென்மார்க் என்றதும் காற்றாலைதான் ஞாபகம் வரும். நம் காட்டோரங்களில் சுற்றுகிற காற்றாலைகளில் பலவும் அந்த நாட்டுத் தொழில்நுட்பத்தில் செய்தவை. எங்கள் மாப்பிள்ளைக்கும் அதே துறையில் வேலை. அதனால் என் மகள் ஆர்ஹுஸ் என்ற ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். கோபன்ஹேகனுக்கு அடுத்த பெரிய நகரம் அது. 2023 அக்டோபரில் அவளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போய், விசா கொடுத்த தொண்ணூறு நாளும் இருந்துவிட்டு வந்தேன். இப்படிக் கிளம்புகிற தாய்மார் நம் பக்கம் இப்போது ஏராளம். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டேனிஷ்காரர்கள் தமிழ் மண்ணுக்குப் புதியவர்கள் இல்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-ல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டான்ஸ்பர்க் கோட்டை இன்றைக்கும் அங்கே கடலோரத்தில் நிற்கிறது.

முதலில் பெட்டி கட்டும் விஷயம். பால், இறைச்சிப் பொருள்களை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. நெய்யும் அதில் சேர்த்தி. ஆகவே நெய் விட்ட லேகியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சுக்கு, மிளகு, ஓமம், கொள்ளு மட்டும் எடுத்துப் போனேன்.

அவர்கள் வீட்டுக்குப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம் ஊரில் யாரும் எந்த நேரமும் வரலாம், "வாங்க, வாங்க" என்று சொம்புத் தண்ணீரோடு நிற்போம். அங்கே நெருங்கிய சிநேகிதியானாலும் நாளும் நேரமும் பேசிக்கொண்டுதான் வருவாள். மூன்று மணி என்றால் மூன்று மணிதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நம் வழக்கம் போலவே. பரிசு கொடுத்தால் நாம் வாங்கி ஓரமாக வைப்போம். அவர்கள் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சாப்பிட்டு எழும்போது "தாக் ஃபோர் மாட்" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த முறை வழியில் பார்த்தால் போன தடவை உபசரித்ததற்கும் ஒரு நன்றி உண்டு! "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்ற வற்புறுத்தல் மட்டும் கிடையாது. வேண்டும் என்றால் வேண்டும், போதும் என்றால் போதும். பெரிய அதிகாரியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தெருவில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. அதில் நடந்து போகாதீர்கள், மணியடித்துக்கொண்டு வேகமாக வருவார்கள்.

நவம்பர் முதல் வாரம் பேத்தி பிறந்தாள். மருத்துவச்சிக்கு அவர்கள் மொழியில் உள்ள பேரைப் பிரித்தால் 'மண்', 'தாய்' என்று இரண்டு வார்த்தை வருமாம். கேட்டதும் மனசு குளிர்ந்தது. அந்த ஊர்த் துறைமுகத்தோரம் 'டொக் 1' என்று ஒரு பெரிய நூலகம். அதனுள்ளே மூன்று டன் எடையில் குழாய் மாதிரி ஒரு மணி தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் விரும்பினால் ஒரு பட்டனை அழுத்தலாம், நூலகத்தில் அந்த மணி ஒலிக்கும். படித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தது தெரிந்துவிடும். மாப்பிள்ளைதான் அழுத்தினார்.

இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரே அமைதி. நம் ஊரென்றால் சர்க்கரை கொடுத்து முடியாது, வாசலில் செருப்பு நிறைந்திருக்கும். அங்கே பத்து நாளாகியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும் ஊர் வேறு. ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்தி எரிகிறது, மனுஷ முகத்தைக் காணோம். எனக்குத் தொண்டையை அடைத்தது.

"நாம கூப்பிடலையேம்மா. பச்சை உடம்புக்காரி தூங்கட்டும்னு விட்டிருக்காங்க" என்றாள் மகள்.

மறுநாள் மேல்வீட்டுப் பாட்டிக்குச் செய்தி அனுப்பினாள். அந்தம்மா சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். தாமே பின்னிய கம்பளிக் குல்லாயைக் கொடுத்தார். கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டார். அரை மணியில் எழுந்துவிட்டார். பிள்ளை பிறந்த அன்றைக்கே பின்ன ஆரம்பித்தாராம். கூப்பிடுவதற்காக இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார்!

நகராட்சியிலிருந்து குழந்தைநல நர்ஸ் வீடு தேடி வருவார், செலவே இல்லை. எடை பார்ப்பார், தாயின் மனநிலையையும் விசாரிப்பார். வெயில் குறைந்த ஊரென்பதால் இரண்டு வாரத்திலிருந்து வைட்டமின் 'டி' சொட்டு கொடுக்கச் சொன்னார். தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு ஒன்றும் வேண்டாம், தாய்ப்பாலே போதும் என்றார். நம் டாக்டர்கள் சொல்வதும் அதுதானே?

எனக்குத் திக்கென்றது டிசம்பரில்தான். பகலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே குளிரில் தூங்கப் போடுவது அந்நாட்டு வழக்கம். காதை மூடாமல் வாசல்படி தாண்ட விடாத வம்சம் நாம்!

"அத்தை, நர்ஸ்கிட்ட நீங்களே கேட்டுப்போடுங்க" என்றார் மாப்பிள்ளை. மகள் மொழிபெயர்க்கக் கேட்டேன். ஆரோக்கியமான குழந்தையாக இருக்க வேண்டும், கம்பளி உடுப்பு, மல்லாந்து படுக்கை, காற்று வீசாத இடம். உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக்கு மேல் குளிர் இறங்கினால் வெளியே விடவே கூடாது. பிடரியில் கை வைத்தால் கதகதப்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டு, "பாட்டிக்கு மனசு ஒப்பாவிட்டால் உள்ளேயே தூங்கட்டும்" என்றார் நர்ஸ்.

என் மகள் விரும்பினாள். நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பேத்தி இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நம் ஊர் வெயிலுக்கும் கொசுவுக்கும் இந்தப் பழக்கம் ஒத்து வராது, யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

2022 ஆகஸ்டிலிருந்து அங்கே சட்டப்படி தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளை பிறந்தபின் ஆளுக்கு 24 வாரம் விடுப்பு. மாப்பிள்ளை துணி மாற்றினார், குளிப்பாட்டினார். நான் கொள்ளு ரசமும் பூண்டுக் குழம்பும் வைத்தேன். எண்ணெய் தேய்க்கலாமா, தொட்டில் கட்டலாமா என்று எதையும் மகளிடம் கேட்டே செய்தேன். அவள் வீடு, அவள் பிள்ளை.

ஊர் திரும்பியபின் பொள்ளாச்சியில் என் நாத்தனார் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. "எப்ப வந்தா உனக்குச் சௌகரியம், கண்ணு?" என்று போன் போட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "நாளான்னிக்கு சாயங்காலம் வாங்கத்தை. அதுக்குள்ள கொஞ்சம் தூங்கிக்கறனுங்க" என்றாள்.