பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வாள்

வாள்சண்டை விளையாட்டில் சர்வதேசப் போட்டி எந்த ஊரில் நடந்தாலும் நடுவர் பிரெஞ்சு மொழியில்தான் கட்டளை இடுவார். "ஆங் கார்து" என்றால் தயாராக நில். "அலே" என்றால் தொடங்கு. "ஆல்த்" என்றால் நிறுத்து. பிரெஞ்சில் படித்து வளர்ந்த என் காதுக்கு இது பழகிய மொழி. அதனால்தான் 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியதை ஒரு கட்டளையும் விடாமல் கேட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பார்த்தேன்.

ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர் அவர். சென்னை பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். அடுத்ததில் பிரான்சின் மனோன் ப்ருனேவிடம் 7-15 என்று தோற்றார். தோற்றதற்காக நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் வந்த வழியைச் சொல்கிறேன், கேளுங்கள். 2004இல் பள்ளியில் ஆறு விளையாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இவர் போவதற்குள் ஐந்தில் இடம் நிரம்பிவிட்டது. மிஞ்சியது வாள்சண்டை. வாள் விலை அதிகம் என்பதால் பயிற்சிக்கு மூங்கில் கழி. நல்ல வாளைப் போட்டிக்குத்தான் எடுப்பார்கள். அப்பா கோயில் அர்ச்சகர். அம்மா நகையை அடகு வைத்தார். பதினான்கு வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். மூன்று நிமிடம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேரளத்தில் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர் சாகர் லாகு. அந்த ஊர் அரசு பிரெண்ணன் கல்லூரியில் பட்டப்படிப்பும் படித்தார். தங்கும் இடம், பயிற்சி, கல்லூரி மூன்றும் ஒரே ஊரில். படிப்பா விளையாட்டா என்று கேட்டு ஒன்றை விடச் சொல்லாத ஏற்பாடு அது.

அமெரிக்காவில் இதற்கு இணையாக ஜூனியர் காலேஜ் என்று ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இரண்டு வருடப் படிப்பு. பேஸ்பால் ஆடும் பையன்கள் பலர் இந்தப் படியில் நின்று உடம்பையும் ஆட்டத்தையும் தேற்றிக்கொண்டு மேலே போவார்கள். ஜாக்கி ராபின்சன் பசடீனா ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போனார். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, கறுப்பர்களுக்கு மூடியிருந்த பெரிய லீக் கதவைத் திறந்தவர் அவர்தான்.

எங்கள் காலத்தில் அப்படி ஒரு படி இல்லை. ப்ரெவே பரீட்சை நெருங்கினால் பந்து பரணுக்குப் போய்விடும், பிறகு இறங்காது. நன்றாக ஓடியவன், நன்றாக உதைத்தவன் எல்லாரும் குமாஸ்தா ஆனோம், வாத்தியார் ஆனார்கள், சிலர் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

இன்றும் இரும்பையிலிருந்து மரக்காணம் வரை பார்க்கிறேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் பள்ளிக் கோப்பை வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும், "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பெண்பிள்ளை என்றால் அந்தக் கேள்வி இரண்டு வருடம் முன்னாலேயே வரும். பதினைந்து முதல் இருபது வயது வரைதான் உடம்பு தேறும் காலம். அந்த ஐந்து வருடத்தை வெட்டிவிட்டால் முன்னால் போட்ட உழைப்பும் வீண்.

டோக்கியோவோடு பவானி நின்றுவிடவில்லை. 2023 ஜூனில் சீனாவின் வூசி நகரில் நடந்த ஆசியப் போட்டியில், உலக சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என்று வென்று வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

அரசு விளையாட்டு விடுதிகள் நம் மாநிலத்திலும் இருக்கின்றன. பேரன் பேத்திகள் கோப்பையோடு வீட்டுக்கு வந்தால், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு விடாதீர்கள். விடுதித் தேர்வு எப்போது என்று பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் ஒரு நடை போய்க் கேளுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு அதற்கு நேரம் இருக்கிறது.