மரிக்கொழுந்து அறுக்கும் நாள்

மரிக்கொழுந்து பூத்துவிட்டால் பூச்சந்தைக்கு ஆகாது. தைலம் வடிக்கிறவருக்கோ பூக்காத செடி ஆகாது. ஓசூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் ஒரே பயிருக்கு இப்படி இரண்டு அறுப்பு.

கார்த்திகையில் விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை கண்டதும் மணலோடு கலந்து பாத்தியில் தூவுவார்கள். பொங்கல் கழிந்ததும் ஓரத்துப் பாத்திகளை இளசாக அறுத்து, கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்புவோம். கதம்பத்தில் வைத்துக் கட்ட அந்தச் சாம்பல் பூத்த பச்சைக் கொழுந்துதான் வேண்டும்.

மீதியைப் பெரியப்பா யாரையும் தொட விடமாட்டார். விலை நன்றாக இருக்கும்போதே அறுத்துத் தள்ளேன் என்று ஆயா தினமும் கேட்கும். "இன்னும் பத்து நாள் பொறும்மா, பூ விரியட்டும்" என்பார். மாசியில் ஒரு மழை அடித்தால் அத்தனையும் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் காத்திருந்தார். அந்தப் பொறுமையை இன்றும் வியக்கிறேன்.

காலையில் பனி காய்ந்ததும் என்னையும் வரப்புக்குக் கூட்டிப்போவார். நுனியை வளைத்து, மிளகளவு மஞ்சள் மொட்டு ஒன்றைக் கசக்கி என் மூக்கடியில் நீட்டுவார். "என்ன வருது, சொல்லு." முதல் நாட்களில் பச்சை வாடைதான் தூக்கலாக இருக்கும். பூ விரிய விரிய அது அடங்கி, பழுத்த பழத்தின் கனத்த இனிப்பு மேலே வரும். விரலில் பிசுக்கு ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரவுச் சோற்றில் அந்த மணம் இருக்கும்.

அவர் மூக்கால் அறிந்ததற்கான காரணத்தைப் பிற்பாடு படித்தேன். இந்தச் செடியின் எண்ணெய் பூந்தலையில்தான் அதிகம், தண்டில் சொற்பம். பூந்தலை தலைகாட்டும்போது டவனோன் என்ற முக்கிய மணப்பொருள் மிகுந்திருக்கும். விதை பிடிக்கும் பருவம் நெருங்க அது குறைந்து, இனிப்பு வாசம் தரும் சின்னமேட் வகைகள் ஏறும். 100 கிலோ பசுஞ்செடியில் சுமார் 200 கிராம் தைலம் கிடைத்தாலே பெரிது. நாள் தப்பினால் அதுவும் குறையும்.

அறுத்ததை நிழலில் வாட விட்டுத்தான் வண்டி ஏற்றுவார்கள். ஒரு பாத்தி மட்டும் நிலத்திலேயே நின்று காயும். அடுத்த கார்த்திகைக்கான விதை அதில்தான்; அதன் அறுப்பு நாளைக் குறிக்கும் உரிமை ஆயாவுடையது, பெரியப்பாகூட அதில் தலையிடமாட்டார்.