வைத்திருப்பதென்றால் ஓட்ட வேண்டும்

கண்டியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் கொட்டகைகளில் தார்ப்பாய் போர்த்திய பென்ஸ், ஜகுவார், ஹம்பர் கார்களை இன்னும் காணலாம். தோட்டத் துரைமாரும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வைத்திருந்தவை அவை. இப்போது பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கின்றன. விற்பதா, வைத்திருப்பதா என்ற பேச்சு இவ்வீடுகளில் எப்போதும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி கடும் வரிகளோடு திரும்பவும் திறந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பேச்சு அவசரமாகிவிட்டது. பெரும்பாலானோர் சந்தை விலையை விசாரித்து முடிவுக்கு வரப் பார்க்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை, கெட்டம்பே, பேராதனைப் பக்கத்துக் கராஜ்களில் நடக்கும் வேலையைக் கவனித்த எனக்கு, முடிவு அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. காரை ஓட்டி, அதைப் பராமரிக்கும் கைகளுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க முடிந்தவர் வைத்திருக்கலாம். முடியாதவர், அப்படிச் செய்யக்கூடிய ஒருவருக்கு இந்நாட்டுக்குள்ளேயே விற்றுவிடுவது நல்லது. ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர் காரையும் இழக்கிறார், அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்தையும் இழக்கிறார்.

கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். இந்த ஈரத்தில் ஒரு கார் நின்ற நிலையிலேயே கெடும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் அசையாத சில்லுகளின் பிறேக் சிலிண்டருக்குள் துரு ஏறி பிஸ்டன் இறுகிவிடும். பாதி காலியான பெற்றோல் டாங்கியின் உட்புறம் வியர்த்துத் துருப்பிடிக்கும். அந்தத் துரு பிறகு கார்ப்பரேட்டரை அடைக்கும். தோல் இருக்கைகளில் பூஞ்சணம் படரும். இவை பார்த்தால் தெரிபவை. பெரிய சேதம் பார்வைக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. 1953இல் வந்த பென்ஸ் 180, தனிச் சட்டகம் இல்லாமல் உடலும் தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கார். 1959இல் வந்த ஜகுவார் மார்க் 2உம் அப்படித்தான். இவற்றில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி அரித்துப்போனால் காரைத் தாங்கும் எலும்பே போய்விடும். தனிச் சட்டகத்தின்மேல் உடல் ஏற்றப்பட்ட ரோல்ஸ் ரொய்ஸ் சில்வர் கிளவுட்டுக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் அதன் கதவுகளும் பொனட்டும் அலுமினியம், உடலின் பெரும்பகுதி இரும்புத் தகடு. இரண்டு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே மினுங்கும் பெயின்ட் இதில் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

அரித்துப்போன அந்தப் பெட்டிப்பகுதியை, தகட்டு வேலைக்காரரான டிங்கர் பாஸ் சீர்செய்வதை அருகே நின்று பார்த்தால்தான் இந்தத் தொழிலின் நுட்பம் விளங்கும். முதலில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு கணீரென்கிறது. அரித்த இடம் பொத்தென்கிறது. உடனே வெட்டுவதில்லை. காரின் அடிப்பகுதிக்கு முட்டுக் கொடுத்து, கதவுகளை மூடி, இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அவசரப்பட்டு ஒரேயடியாக வெட்டினால் உடல் தொய்ந்து, பிறகு அந்தக் கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. கெட்ட பகுதியைச் சிறிது சிறிதாக எடுத்து, மட்டையில் அளவு வெட்டி, அதே அளவில் தகட்டை மடித்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கிறார். சூட்டில் தகடு உப்பும். உப்பிய இடத்தில் ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்து மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்தவுடன் தகடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு சூடு, எத்தனை தட்டு என்பதற்கு அளவுகோல் கிடையாது; உள்ளங்கையால் தடவித்தான் தீர்மானிக்கிறார். நல்ல பாஸின் வேலையில், பள்ளத்தை நிரப்பும் கட்டலோய் பட்டி மெல்லிய பூச்சாகவே இருக்கும். கைத்திறன் குறைந்த இடத்தில் அது கனமாக அப்பப்படும். சில மழைக்காலங்களில் வெடித்து, உள்ளே நீரைத் தேக்கி, புதுத் தகட்டையும் தின்னும்.

இந்தத் திறமை தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் கடுமையாக இருந்தது. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காததை லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். தேய்ந்த புஷ்ஷை வெண்கலத்தில் கடைவது, ரேடியேற்றரைப் பிரித்துத் திரும்பவும் ஈயம் பற்றவைப்பது, குஷன் வேலைக்காரர் தும்பும் தோலும் கொண்டு இருக்கையை உருவாக்குவது எல்லாம் அன்றைய கட்டாயத்தில் பழகியவை. கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிக்காமல் ஏறுகிற கார்தான் அந்த வேலைக்கான சான்று. பித்தளை வார்ப்புக்குப் பேர்போன பிலிமத்தலாவையும் நத்தரம்பொத்தையும் பக்கத்தில் இருப்பது இப்பகுதிக்குக் கூடுதல் வாய்ப்பு. உடைந்த கைப்பிடியையோ சின்னத்தையோ மாதிரியாக வைத்து வார்த்துத் தரக்கூடிய கைகள் அங்கே உண்டு. இந்த அறிவெல்லாம் ஏட்டில் இல்லை. கூடமாட நின்று பழகும் பையனின் கையில்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். அந்தப் பையனோ ஹைபிரிட் கார்களைக் கணினியில் சோதிக்கும் கராஜுக்கோ மத்திய கிழக்குக்கோ போகப் பார்க்கிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பத்து வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய மறுசீரமைப்பு ஒரு பையனை நிறுத்தி வைக்காது. மாதாமாதம் வரும் சின்னச் சின்ன வேலைதான் நிறுத்தி வைக்கும். பிறேக் சரிபார்க்கவும் கார்ப்பரேட்டர் கழுவவும் கதவு இறப்பர் மாற்றவும் வரும் கார்களே ஒரு கராஜைப் பிழைக்க வைக்கின்றன. தார்ப்பாய்க்குள் நிற்கும் கார் அந்தக் கராஜுக்கு ஒன்றும் தருவதில்லை. கடைசியில் உரிமையாளர் அதை வெளியே எடுக்க நினைக்கும்போது, பழுதுபார்க்கத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

விலை ஏறும்வரை பொறுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2022 மே மாதத்தில் 1955ஆம் ஆண்டு பென்ஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்ட செய்தி இந்த எண்ணத்துக்கு உரம் போட்டது. ஆனால் அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. கண்டியில் பலரிடமும் உள்ள பென்ஸ் டபிள்யூ 123 வரிசையில், 1976க்கும் 1986க்கும் இடையில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் வெளிவந்தன. முன்னதன் விலையை வைத்துப் பின்னதன் எதிர்காலத்தைக் கணக்கிட முடியாது. எந்தப் பழைய காருக்கும் வாங்குபவர் தருவது அதன் நிலைக்குரிய விலையை. காத்திருக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அந்த நிலையைக் கீழே இறக்குகிறது. ஓடும் நிலையில் இருக்கும் கார் மட்டுமே பொறுத்திருப்பவருக்குப் பலன் தரும்.

அப்பாவின் கார், எப்படி விற்பது என்ற தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதேவேளை பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும் குடும்பம் தன்னை வருத்திக்கொண்டு காரைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. நல்ல கைக்கு மாற்றிக் கொடுப்பதும் அப்பாவுக்குச் செய்யும் மரியாதையே. அவர் ஓட்டி மகிழ்ந்த வண்டி தெருவில் தொடர்ந்து ஓடும். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமே என்றும் சொல்வார்கள். கோயம்புத்தூரின் ஜீடி கார் மியூசியம் போன்ற இடங்கள் வரலாற்றைக் கண்முன் வைக்கின்றன, அவை தேவை. ஆனால் அங்கே போய்ச் சேர்வது மிகச் சில கார்களே. மற்றவற்றைக் காப்பாற்றுவது ஓட்டமும் கராஜும்தான். சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனமான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இத்தகைய வாகனங்கள் தெருவில் ஓடுவது அவசியம் என்றே கருதுகிறது. ஓடினால்தான் அவற்றைச் சார்ந்த தொழிலறிவும் கைமாறிச் செல்லும்.

வெளிநாட்டுக்காரர் கூடுதலாகத் தருவாரே என்பது இன்னும் வலுவான கேள்வி. 1945க்கு முன் இலங்கையில் முதன்முதல் பதிவான பயணிகள் கார்களை ஏற்றுமதி செய்ய உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நான் பேசும் பென்ஸ் 180உம் மார்க் 2உம் அந்த ஆண்டெல்லைக்கு அப்பால் நிற்கின்றன. இறக்குமதியாகும் கார்களுக்கு வயதெல்லை இருப்பதால், வெளியே போகும் ஒரு பழைய காரின் இடத்தை இன்னொன்று எளிதில் நிரப்பாது. போவது உலோகம் மட்டுமன்று. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை எண்தகட்டில் தாங்கிய கார்களுக்குப் பின், 1957 முதல் சிங்கள ஸ்ரீ எழுத்துக் கொண்ட தகடுகள் வந்தன. அதை எதிர்த்துத் தமிழர் நடத்திய தார்பூசும் போராட்டமும், அதைத் தொடர்ந்து 1958இல் நடந்த இனவன்முறையும் நாம் மறக்கக்கூடியவை அல்ல. அந்தத் தகடும் பழைய பதிவுப் புத்தகமும் இந்நாட்டின் அரசியலுக்குச் சாட்சி. அவற்றுக்கு இங்கே உள்ள பொருள் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே ஏற்றுமதி உரிமத்துக்கான ஆண்டெல்லையைப் பிந்திய ஆண்டுக்கு நகர்த்துவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அசல் கெட்டுப்போன காரை ஏன் காப்பது என்று சேகரிப்போர் சிலர் கேட்கிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜப்பானிய என்ஜின் ஏறிய பென்ஸ்கள் இங்கே உண்டுதான். பாவனைக் காலத்தில் நேர்ந்த மாற்றங்களும் அந்த வாகனத்தின் வரலாறே என்பதை மேற்சொன்ன சாசனமும் ஏற்கிறது. லேத்தில் கடைந்த ஒரு புஷ், கண்டித் தொழிலாளர் நெருக்கடியை எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு ஆதாரம். ஒன்று மட்டும் முக்கியம்: என்ன மாற்றினோம் என்பதை எழுதி, கழற்றியதை எறியாமல் வைக்க வேண்டும். என்ஜின் மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கும் நாளில் சிக்கல் வரும். புகை பற்றிய கவலையும் நியாயமானது. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பழைய காருக்கும் அது வேண்டும் என்றே நான் சொல்வேன். ஒழுங்காகப் பராமரித்து, வாரத்தில் சிறிது தூரம் மட்டும் ஓடும் கார் நகரத்தின் காற்றுக்குப் பெரிய பாரமாகாது. பராமரிப்பில்லாதது புகைக்கும், அதற்கும் மருந்து கராஜில்தான் இருக்கிறது.

ஆக, கொட்டகைக்கு முன் நிற்கும் குடும்பம் மூன்று விஷயங்களைத் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறையாவது இதை ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறாரா? சின்னப் பழுதுகளை அவ்வப்போது பார்க்கப் பணம் ஒதுக்க முடியுமா? தட்டிப் பார்த்தே தகட்டின் நிலையை அறியும் ஒரு பாஸும், அவரிடம் பழகும் ஒரு பையனும் எட்டும் தூரத்தில் இருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் வைத்திருங்கள்; கலியாண ஹயருக்கு விட்டால் செலவில் ஒரு பகுதியாவது திரும்பும். இல்லையென்றால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே, பதிவுப் புத்தகமும் பழுதுபார்த்த குறிப்புகளும் கழற்றிய பாகங்களும் சேர, ஓட்டப்போகும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். கூடுதல் விலை சொன்னவரைவிட, எந்தக் கராஜில் வேலை செய்விக்கப் போகிறேன் என்று சொல்லக்கூடியவரே பொருத்தமான ஆள். விற்றாலும் வைத்திருந்தாலும் அந்தக் கராஜுக்கு வேலை போய்ச் சேர்ந்தால், கார் கண்டியில் இருக்கும். அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.