ஆம்பளைக் கடலில் பன்னிரண்டு நாள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குத் தொழிற்பூங்கா என்று பெயர். அதனால்தானோ என்னவோ, "எங்க ஊர்லயும் ஒரு பூங்கா இருக்குடி, கடலுக்குள்ள" என்று அறைத்தோழி சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் அவள் ஊர். மாசியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. முதல் ஷிஃப்ட் முடித்து, சிங்கபெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டு போய் ராமேஸ்வரம் ரயில் ஏறினோம்.

விடியலில் பாம்பன் புதுப்பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இடப்பக்கம் காட்டினாள்: "இது பொம்பளைக் கடல்." வலப்பக்கம்: "அது ஆம்பளைக் கடல்." மன்னார் வளைகுடாதான் அந்த ஆண் கடல். பாம்பன் பக்கமிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. இரண்டு இன்று நீருக்குள்.

1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம். பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் மனப்பாடம் செய்த பலனோகிளாசஸ் புழு வாழும் மணல் இதுதான் என்றதும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கரையெங்கும் செத்த பவளத் துண்டுகள், எலும்பின் வெள்ளையில். ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் வள்ளம் வள்ளமாக ஏற்றியிருக்கிறார்கள். 2001இல்தான் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. அலையைத் தாங்குவது பாறை. அது போனால் தீவின் மணலும் கரையும். ஆலைகளுக்கு என்ற சொல் என்னை உறுத்தியது. என் சோறும் ஆலையில்தானே வருகிறது.

தோழியின் அம்மா பாசி எடுப்பவர். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. அகர் அகரும் அல்ஜினேட்டும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. "மாசத்துல பன்னெண்டு நாளுதான் தாயி. மீதி நாளு பாசி வளரணும்ல?" பெண்களே கூடிப் போட்ட கட்டு. மீன்பிடித் தடைக்காலத்திலும் இறங்குவதில்லை.

அவருடைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஊர்க்கரையில் இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தினேன். கடற்புல் ஒரே திசையில் சாய்ந்து நிமிர்ந்தது. நாற்று விட்ட வயல் போல. ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். விரல் நீள மீன்கள் என் கையைச் சுற்றிவிட்டுப் போயின. என் மூச்சு மிஷின்போல் காதில் கேட்டது. இருபது எண்ணுவதற்குள் தலையைத் தூக்கிவிட்டேன். அம்மா ஒரு முங்கில் கை நிறையப் பாசி கொண்டுவருவாராம்.

"சின்னப்புள்ளைல ஓடி விளையாண்ட தீவு. இப்ப நாங்க காலு வைக்கக் கூடாதாம்" என்றார், கோபமில்லாமல். தீவுகளைக் காக்கத்தான் வேண்டும். மூழ்கிய இரண்டும் அதைச் சொல்கின்றன. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று தாமாகவே அறிந்த இந்தப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி ஒரு பூங்காவைக் காக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இரவு, சுற்றிய துணிகளை அலசிக் கொடியில் போட்டபடி கேட்டார்: "ஒங்க பூங்கால முன்னாடி என்ன இருந்துச்சு தாயி?"

"வயலும்மா. ஏரிப் பாசனம்."

"நெல்லா?"

"நெல்லுதான்."

அவர் அடுத்த துணியை உதறினார்.