ரஹீம் வாத்தியாரும் எங்கள் முசியேவும்

போன வாரம் பேரன் தன் கைப்பேசியில் 'மைதான்' என்ற இந்திப் படத்தைப் போட்டுக் காட்டினான். 2024இல் வந்த படம். பாஷை பாதிதான் புரிந்தது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. சையத் அப்துல் ரஹீமின் கதை அது.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர், இந்திய அணிக்கும் அவரே. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று பந்தயமே நடத்துவாராம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, நம் அணி நான்காம் இடம் பிடித்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கின்போது எனக்கு வயது 12. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஆசிரியரை நாங்கள் 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் வந்து, "பிரான்சும் இந்தியாவும் 1-1" என்றார். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் விழித்தோம். அவரே முதலில் தட்டினார்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி. தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் அவர் ஒரு கோல், பி.கே. பானர்ஜி ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். ஒன்பதே மாதத்தில், 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

அந்தத் தங்கம் வந்த வருஷம்தான் முசியே எங்கள் வீட்டுக்கு வந்தார். "பையனுக்குக் கால் நன்றாக வருகிறது, சாயங்காலம் அனுப்புங்கள்" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "பந்து சோறு போடுமா?" என்றார். முசியே எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிறகு அவரை எதிரில் கண்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். குமாஸ்தா வேலை கிடைத்தது. பென்ஷன் வருகிறது. அப்பா சொன்னதும் பொய்யில்லை.

இங்கே அக்காள்மடத்தில், மகள் வீட்டோடு இருக்கிறேன். சாயங்காலம் மணலில் பையன்களுக்கு ஓர் இளம் வாத்தியார் பந்து சொல்லித்தருகிறார். பள்ளி நேரம் முடிந்து, தன் சொந்த நேரத்தில். பேரனும் போய்க்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பு என்று மாப்பிள்ளை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டு விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. படம் பார்த்த அன்று ராத்திரி திறந்தேன். முசியே கதையை முழுக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "வாரம் மூணு நாள் போகட்டும் மாமா" என்றார்.

நேற்று நானும் கூடப் போனேன். பையன்கள் எல்லாரும் இடது காலால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாத்தியாரைப் பார்த்துக் கைகூப்பினேன். "என்னங்க ஐயா, எனக்குப் போய்?" என்று பதறினார்.

அவருக்கு மட்டும் இல்லை அது.